தாய்வீட்டுத் தண்ணீர்

நார்வே தேசத்தை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான், சென்னைப் பட்டணத்தில் குழந்தைகளுக்குக் கண் போயிற்று. சம்பந்தமில்லாத பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் கண் ஆஸ்பத்திரிக்கு மீன் எண்ணெய் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது, எண்ணெயும் நின்றது. வெறும் கஞ்சியைக் குடித்து வளர்கிற குழந்தைக்கு முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறும். அதன்மேல் ஒரு அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் கண் காய்ந்து, கருவிழி வெந்த ஜவ்வரிசி மாதிரி குழைந்துவிடும். குழைந்த பிறகு ஆண்டவனே இறங்கி வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் சில கரண்டி எண்ணெய் உள்ளே போனால் போதும், கண் பிழைத்துவிடும்.

அந்தச் சில கரண்டிக்காகத்தான் லூயிசாவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

லூயிசா சாந்தோம் மாதாகோயில் பங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பவுல்சாமி பள்ளிக்கூட வாத்தியார். ரசாயனம் படித்த பெண்ணுக்கு அப்போது இரண்டு வழிதான் இருந்தது: கல்யாணம் செய்துகொண்டு படித்ததை மறப்பது, அல்லது கன்னியர் மடத்துப் பள்ளியில் பாடம் சொல்லிச் சொல்லியே மறப்பது. யுத்தம் இன்னொரு வழியைத் திறந்துவிட்டது. அடையாற்றுப் பாலத்துக்குத் தெற்கே ஒரு பழைய பங்களாவில், சுறா ஈரலிலிருந்து எண்ணெய் இறக்கிப் பார்க்க ஒரு பரிசோதனைக் கூடம் வைத்தார்கள். அதில் அவளுக்கு வேலை கிடைத்தது. மேலதிகாரி கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்காரர். மீன்காரி தெருவில் போனாலே வாசலைக் கழுவிவிடுகிற குடும்பம். அந்த மனுஷரைப் பிடித்துச் சுறா ஈரலுக்குத் தலைமை தாங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மூக்கைச் சுற்றிக் கற்பூரத் துணி கட்டிக்கொண்டு வருவார். சாயங்காலம் கொல்லைப்புறமாக நுழைந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். ஆனால் வேலையில் புலி. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. லூயிசாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சோதனை லேசானது. எண்ணெயில் மருந்தை விட்டால் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு சத்து. சில ஈரல் மசி மாதிரி கருக்கும். சிலது சாயத்துணி அலசிய தண்ணீராக வெளுத்து நிற்கும். எந்தச் சுறா, எந்த மாதம், ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாத வரையில் டாக்டர்களால் இத்தனை கரண்டி என்று சொல்ல முடியாது.

ஈரல் வாங்க லூயிசா ஊரூர் குப்பத்துக்குப் போவாள். அங்கே சுறா அறுத்து விற்கிறவள் தங்கம். லூயிசாவின் வயதுதான் இருக்கும். குப்பத்தில் லூயிசாவுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் அவள் தங்கத்திடம் கேட்டாள்: "உங்க குப்பத்துப் பிள்ளை ஒண்ணுகூட கண் ஆஸ்பத்திரியில இல்லையே தங்கம், ஏன்?"

"வாய வெக்காதம்மா! எங்க புள்ளைங்க இன்னாத்துக்கு அங்க வரணும்?" தங்கம் கத்தியைக் கீழே வைத்தாள். "பெத்தவளுக்குப் பால்சுறா, பால் மறந்த புள்ளைக்கு ஈரலு. ஈரல வாட்டி சோத்துல பெசஞ்சி குட்த்தா கண்ணு பூனக்கண்ணாட்டம் எரியும். இத்தயா நீ படிச்சிக்கினு கீற?"

"இதைத்தான்."

"நல்லா படிச்ச போ."

"சரி, எந்த ஈரல் நல்ல ஈரல்? அதைச் சொல்லு."

"சூல் சுறா ஈரலு. ஆனா அத்தக் கேக்காத. கெடைக்காது."

ஏன் கிடைக்காது என்பதைத் தங்கத்தின் புருஷன் தேசிங்கு சொன்னான். பங்குனியில் தெற்கிலிருந்து வடக்காக நீரோட்டம் திரும்பும். அதற்குத் தெண்டி என்று பெயர். தெண்டி பிடித்ததும் வயிற்றில் குட்டியோடு சுறாக்கள் ஆழத்தை விட்டு அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆழமில்லாத தண்ணீருக்கு வரும். அங்கே குட்டி போட்டுவிட்டுப் போகும். குப்பத்தார் அந்தத் தண்ணீரைத் தாயூடு என்று சொன்னார்கள். பங்குனி முழுக்க அங்கே வலையும் இறங்காது, தூண்டிலும் இறங்காது.

"வவுத்துல சுமந்துக்கினு தாயூட்டுக்கு வந்த பொண்ணு மேல எவனாவது கை வெப்பானா?" என்றான் தேசிங்கு. "வந்ததேதாம்மா மறுக்கா வருது. ஒண்ணுக்கு வாலு கிழிஞ்சிகீது. வருசா வருசம் பாத்துக்கினுதான் கீறேன்."

லூயிசாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வந்ததே வருகிறதா? அப்படியானால் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றினால் சுறா குறையாது, சுறா குறையாத வரைக்கும் எண்ணெய் குறையாது, கண்ணும் குறையாது. ஆனால் கிழிந்த வாலை வைத்துச் சர்க்காரிடம் எதையும் நிரூபிக்க முடியாது. அடையாளம் போட வேண்டும். முதுகுத் துடுப்பில் துளைத்துச் செம்புக் கம்பியை வளையமாக முறுக்கிவிட்டால் அடுத்த வருஷம் தெரிந்துவிடும் அல்லவா?

இதைக் கேட்டுத் தங்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். "எனக்கே இன்னும் வளகாப்பு போடல. அதுங்களுக்குப் போடப் போறியா?"

கேலியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் காரியத்தை முடித்தது. எல்லையம்மன் கோயில் முன்னால் கூடிய பஞ்சாயத்து, தாய்வீட்டில் கட்டுமரம் இறக்கலாமா என்று வெகுநேரம் மல்லுக்கு நின்றது. கடைசியில் பெரியவர்கள் சொன்னது இது: கர்ப்பிணிக்கு வளையல் பூட்டுவது குற்றமாகாது, பூட்டிவிட்டு நோகாமல் அனுப்ப வேண்டும்.

அப்படியாக 1942 பங்குனியில் சுறாக்களுக்கு வளைகாப்பு நடந்தது. கரையில் பெண்கள் மஞ்சள் கரைத்து அலையில் ஊற்றினார்கள். லூயிசா கட்டுமரத்தில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டே கம்பியை நீட்ட, தேசிங்கும் அவன் தம்பியும் சுறாவைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்து வளையத்தை முறுக்கினார்கள். ஒரு சுறா தம்பியின் முழங்கை வரை தோலைச் சீவிக்கொண்டு போயிற்று. அவன் ரத்தத்தைக் கடலில் கழுவிக்கொண்டு, "வளையலு புடிக்கல போலகீது" என்றான்.

அடுத்து ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று பட்டணமே கிளம்பி ஓடியது. மயிலாப்பூர் மாட வீதிகளில் நாய் படுத்திருந்தது. கஸ்தூரிரங்கன் குடும்பத்தைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, சொந்தச் சமையலில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். குப்பம் எங்கேயும் போகவில்லை. கடலை விட்டு எங்கே போவது? ஆடியில் தங்கத்துக்குப் பெண் பிறந்தது. கன்னியம்மா என்று பெயர் வைத்தார்கள். தங்கம் பால்சுறாவைப் புட்டாக உதிர்த்துச் சாப்பிட்டுவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "பாரு டாக்டரம்மா, முழிக்கிற முழிய" என்று காட்டுவாள். குழந்தை கருவண்டுக் கண்ணோடு லூயிசாவின் மூக்குக்கண்ணாடியையே பார்க்கும்.

அடுத்த பங்குனி, தெண்டி திரும்பியதும் தேசிங்கு ஆள் அனுப்பினான். லூயிசா போய்ப் பார்த்தாள். தெளிந்த தண்ணீருக்குள் ஒரு சாம்பல் முதுகு வந்தது. துடுப்பில் பச்சையேறிய வளையம். இன்னொன்று வந்தது, அதிலும் வளையம். குப்பம் தலைமுறையாகச் சொன்னதைச் செம்பும் சொல்லிவிட்டது. லூயிசா கட்டுமரத்திலேயே அழுதுவிட்டாள். தேசிங்கு, "இன்னாம்மா, பொறந்தூட்டுக்குப் பொண்ணு வந்தா அழுவறதா?" என்று அதட்டினான்.

செய்தியைக் கேட்டுக் கஸ்தூரிரங்கன் கற்பூரத் துணியை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார். "பிரமாதம், லூயிசா! இந்த மாதிரி யாரும் பண்ணினதில்லே. ஆனா ஒண்ணு பாக்கி நிக்கறதே. சூல் சுறா ஈரல் ஒசத்தின்னு அவா சொல்றா. நாம அதைச் சோதிச்சுப் பாக்கலையே? ஒரே ஒரு ஈரல் கெடைச்சா போறும். அந்த எண்ணெயால ஆஸ்பத்திரியில நாலு குழந்தைக்காவது கண் தேறும், நெனைச்சுப் பாருங்கோ."

லூயிசா நினைத்துப் பார்த்தாள். அவள் நினைத்த விதம்தான் வினையாக முடிந்தது. சாந்தோமில் தவக்காலம் வந்தால் சுத்தபோசனம், ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி எல்லாம் கண்டிப்பு. இறைச்சி வாசனை தெருவிலேயே இருக்காது. ஆனால் அம்மா சயரோகத்தில் படுத்திருந்தபோது பங்குச் சாமியார் விலக்குக் கொடுத்தார். அம்மா பெரிய வெள்ளி அன்றைக்கே ஆட்டுச் சூப் குடித்தாள். கட்டளை கெட்டுப்போகவில்லை. அடுத்த வருஷமும் ஊரே ஒருசந்தி இருந்தது. நோயாளிக்கு என்று முறையாகக் கேட்டால் எந்த விதிக்கும் விலக்கு உண்டு, விலக்கினால் விதிக்குக் குறைவில்லை என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய சங்கதி. குப்பத்தில் விலக்கு என்ற பேச்சே கிடையாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே ஒன்று உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

போய்க் கேட்டாள். எல்லையம்மன் கோயில் வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் கண்ணைப் பற்றிச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், கேட்டவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். இப்படி ஒரு கேள்வியை இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. கன்னியம்மாவை இடுப்பில் வைத்திருந்த தங்கம்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பெத்தவளுங்க வவுறு எரியுதுன்னுதான் டாக்டரம்மா கேக்குது. ஒண்ணே ஒண்ணு குட்த்தா அம்மன் கோச்சிக்குவாளா இன்னா? புள்ளைங்க கண்ணுக்குத்தான?"

தேசிங்கு மறுநாள் தேங்காய் உடைத்து, கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். வளையம் இல்லாத சுறாவாகப் பார்த்துப் பிடித்தான். கரையில் வயிற்றைக் கீறியதும் உயிரோடு இருந்த குட்டிகளை அவனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அலைக்குள் இறங்கி விட்டான். திரும்பி வந்தவன் லூயிசாவின் முகத்தைப் பார்க்காமல் ஈரலைக் கூடையில் போட்டான்.

நீலம் மசியை விடக் கருத்தது. இப்படி ஒரு எண்ணெயைக் கஸ்தூரிரங்கன் தம் கையால் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சில குழந்தைகள் ஒரே வாரத்தில் கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தன. லூயிசா கோயிலில் முழங்காலில் நின்று நன்றி சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல முடியாது. குருடாகப் போக இருந்த குழந்தை பார்க்கிறது என்றால் அது சின்ன விஷயமா?

அதன் பிறகு சர்க்காருக்கு அறிக்கை எழுதினாள். சூல் சுறாவின் ஈரல் எல்லாவற்றிலும் சிறந்தது, அவை இந்த மாதம் இந்த இடத்துக்கு வருகின்றன, ஒவ்வொரு வருஷமும் வந்ததே வருகின்றன என்பது முதல் பக்கம். ஆகையால் அந்தத் தண்ணீரில் எவரும் தொழில் செய்யக் கூடாது, குப்பத்தாரின் வழக்கத்தைச் சர்க்கார் சட்டமாக்க வேண்டும் என்பது இரண்டாம் பக்கம். கஸ்தூரிரங்கன் ஒரு வரிகூடக் குறைக்காமல் மேலே அனுப்பினார்.

அந்த ஐப்பசியில் பட்டணத்தில் பேய்மழை. அடையாறு கரை மீறி வந்து குடிசைகளை வழித்துக்கொண்டு போயிற்று. வலை போயிற்று, கட்டுமரங்கள் போயின. ரேஷனில் புழுங்கல் அரிசி என்ற பெயரில் கல்லும் புழுவும் போட்டார்கள். அதற்கும் நாளெல்லாம் நிற்க வேண்டும். குப்பம் பட்டினி கிடந்தது என்று சொன்னால் அது பாதிதான். தங்கம் வாயாடி, அந்த மாதங்களில் அவள் பேசவே இல்லை.

1944 பங்குனியில் மணலில் ஒரு லாரி வந்து நின்றது. ராணுவத்துக்கு எண்ணெய் சப்ளை எடுத்த கான்டிராக்டர் வந்திருந்தார். லாரி நிறைய அரிசி மூட்டை. சூல் சுறா வேண்டும் என்றார். இல்லை என்றார்கள். அவர் கோபிக்கவில்லை. "டாக்டரம்மாவுக்குக் கொடுத்தீங்களே? அதே எண்ணெய்தான். பர்மாக் காட்டுல ராத்திரி காவல் நிக்கற சிப்பாய்க்கும் கண்ணு வேணாமா?" என்றார். ஒரு மூட்டையைப் பிரித்து அரிசியைக் கையில் அள்ளிக் காட்டினார். வெள்ளை வெளேர் என்ற அரிசி.

லூயிசாவுக்குத் தகவல் வந்து அவள் ஓடிப் போனபோது கரை முழுக்க ரத்தம். ஈரலை வெட்டி எடுத்துவிட்டு உடம்பை மணலிலேயே போட்டிருந்தார்கள். அத்தனை சுறாவை யார் தின்பது? வயிற்றிலிருந்து சரிந்த குட்டிகள் மணலைப் பூசிக்கொண்டு துடித்தன, காகங்கள் கண்ணைக் கொத்தின. குட்டிகளை ஏந்திக்கொண்டு போய் அலையில் விட ஒருவரும் இல்லை. அறுப்புப் பலகைக்குப் பக்கத்தில் வெட்டிப் போட்ட துடுப்புகளின் குவியலில் பச்சை வளையங்கள் தெரிந்தன. அதைப் பார்த்த மாத்திரத்தில் லூயிசாவின் மனம், இந்த வருஷமும் வந்திருக்கிறது, மூன்று வருஷமாக வந்திருக்கிறது என்று கணக்குப் போட்டது. போட்ட மறுகணம் அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது.

"தேசிங்கு, என்ன பண்றீங்க? நிறுத்துங்க!"

தேசிங்கு நிமிர்ந்தான். முழங்கை வரை ரத்தம், எண்ணெய். "இன்னாத்த நிறுத்தறது? நீ வந்து கேட்ட, குட்த்தோம். இவன் வந்து கேக்கறான், இல்லன்னா எப்டி? அன்னிக்கே அது தாயூடு இல்லன்னு ஆயிப்போச்சும்மா. இப்ப வெறும் தண்ணி." அவன் குரலை உயர்த்தவில்லை. "போ. புள்ள மூணு நாளு கழிச்சி இன்னிக்கித்தான் சோறு துன்னுது. போயி பாத்துட்டு வூட்டுக்குப் போ."

கஸ்தூரிரங்கனிடம் ஓடினாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பக்கத்தையும் அப்படியே அனுப்பிச்சேன் லூயிசா. பெருமாள் சத்தியமா சொல்றேன். அவாளுக்கு மொதல் பக்கமே போறும்னுடுத்து. தடுக்கணும்னு மூணு தரம் எழுதிட்டேன். யுத்த காலத்துல சுறாவுக்குப் பரிஞ்சு பேசறேளான்னு கேக்கறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

"ஆஸ்பத்திரிக்காவது எண்ணெய் வருமா சார்?"

வந்தது எல்லாம் முத்திரை வைத்த டின்களில் ரயில் ஏறிப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு மிஞ்சியது அண்டாவின் அடியில் நின்ற கசடு.

1945இல் தெண்டி வழக்கம்போல் திரும்பியது. தண்ணீர் தெளிந்தது. தேசிங்கு பங்குனி முழுக்கப் போய்ப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. சின்னச் சுறாவும் அருகிப்போயிற்று. எப்போதாவது ஒன்று மாட்டினால் ஈரல் நேரே லாரிக்குப் போயிற்று, அப்படிப் பழகிவிட்டது. ஈரலுக்கு அரிசி வந்தது, அரிசி வெந்தது, பிள்ளைகள் வெறும் கஞ்சி குடித்தார்கள். வயிறு நிறைந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, கார்த்திகையில் ஒரு நாள் காலையில் தங்கம் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். தோளில் கன்னியம்மா. அம்மை போட்டு இறங்கியிருந்தது. குழந்தை முகத்தைத் தாயின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குத் திரும்ப மாட்டேன் என்றது.

"கண்ண தொறக்க மாட்டேன்னுது டாக்டரம்மா. அதுக்கு முன்னாடியே பொழுது சாஞ்சா செவுத்துல முட்டிக்கினு நிக்கும். நான் வெளையாடுதுன்னு நெனச்சிக்கினேன்."

லூயிசா குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஓடினாள். கூடத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லா டின்னையும் முத்திரை வைத்து அடுக்கியிருந்தார்கள். கஸ்தூரிரங்கன் ஒரு டின்னை எடுத்து மேஜை விளிம்பில் அடித்துத் திறந்து, தம் கையாலேயே கரண்டியில் ஊற்றினார். துணி கட்ட மறந்துவிட்டார். குழந்தை துப்பியது, திரும்ப ஊட்டினார்கள். ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

வலது கண் ஏற்கெனவே குழைந்துவிட்டது. இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதுவும் அந்த வாரமே போயிற்று.

கன்னியம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு லூயிசா குப்பத்துக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல்தான் போனாள். தங்கம் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்த லூயிசாவிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொதல்ல ஒண்ணு குட்த்தமே. அதுல கண்ணு பொழச்ச புள்ள எதுனா இங்க கிட்ட கீதா?"

"இருக்கு. மயிலாப்பூர்ல, கச்சேரி ரோட்டுக்குப் பின்னால."

"எனக்குக் காட்டு."

"எதுக்கு தங்கம்?"

"காட்டுன்னா காட்டேன். இப்பவே போலாம், பொழுது இருக்கறப்பவே போயிட்டு வந்துர்லாம்."

குழந்தையைத் தேசிங்கிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பாலத்தைத் தாண்டி, மயிலாப்பூரில் சந்துக்குள் சந்தாகப் போய், தையல்காரர் வீடு ஒன்றின் முன்னால் லூயிசா நின்றாள். அந்தக் குழந்தையின் தாய் அமீனா பீ வெளியே வந்தாள். லூயிசாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அரே, டாக்டரம்மா! உள்ள வாங்க, வாங்க! நஸ்ருன்னிசா, யாரு வந்திருக்காங்க பாரு!"

ஐந்தாறு வயதுப் பெண் ஒன்று முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்திச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தது. விரல் நுனியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே போட்டது. அரிசிக்குள் கிடக்கிற, அரிசி நிறத்துக் கல். தங்கம் அதன் எதிரில் குந்தினாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். அமீனா பீ டீ போட்டுக் கொண்டுவந்தாள். நாழியாகிறது என்று லூயிசா சொல்லியும் கேட்கவில்லை.

"இவங்க யாரும்மா?"

தங்கமே சொன்னாள்: "எண்ணெய்க்கு மீன் குட்த்தவங்க."

அமீனா பீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தங்கத்தின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏதேதோ சொல்லி வாழ்த்தினாள். உங்க பிள்ளைங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்றாள். தங்கம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவிளக்கு இன்னும் ஏற்றவில்லை. லூயிசா வேகமாக நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். தங்கம் சந்துச் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். மறு கை முன்னால் காற்றைத் தடவியது.

"தங்கம்?"

"எங்க கீற?"

"இங்கதான். எதிர்லதான் நிக்கறேன்." சொன்ன பிறகுதான் லூயிசாவுக்குப் புரிந்தது. தங்கத்துக்கும் மாலைக்கண். "எப்பலேர்ந்து?"

"இந்த வருசம் மழைக்கு முன்னாலேர்ந்தே. எனக்கு மட்டுமா? குப்பத்துல பொம்பளைங்க முக்காவாசி பேருக்கு. பொழுது சாஞ்சா யாரும் வெளிய வர்றதில்ல." தங்கம் அதை மழை வருகிறது, வெயிலடிக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். "அந்தப் பொண்ணு நல்லா பாக்குது டாக்டரம்மா. பாத்துட்டேன். கண்ணு போனதுக்கு இன்னாவோ ஒண்ணு கெடச்சிகீது. இல்லன்னா நான் உன்ன சும்மா வுட்ருக்க மாட்டேன்."

லூயிசா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். தங்கம் கையை உதறிக்கொண்டாள். கோபமாக இல்லை, ஆனால் உதறிக்கொண்டாள்.

"கைய வுடு. நீ முன்னால நட. பேசிக்கினே போ, சத்தத்த வெச்சி வந்துர்றேன்."

பேச வேண்டியிருந்தது. பேசாவிட்டால் அவள் நின்றுவிடுவாள். லூயிசா மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்து, அதை வைத்துக்கொண்டு இவள் எப்படி நடப்பாள் என்று விழுங்கிக்கொண்டாள். கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். இங்கே ஒரு கல் இருக்கிறது. இங்கே சாக்கடை, இடது பக்கமாக வா. இங்கே ஒரு மாடு படுத்திருக்கிறது. இங்கே படி. நிறுத்தாமல், இருட்டிக்கொண்டு வருகிற தெருவை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அடையாறு வரைக்கும் நடந்தாள்.